ஈறு டாக்டரிடம் போய் வந்த கதை

பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம், வாயில் ஒரு வாடை. டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்றதுமே அத்தை, "கிளீனிங் மட்டும் பண்ணிக்காதே, அப்புறம் எல்லாப் பல்லும் ஆடிப்போகும்" என்றார். இதைச் சொல்ல ஒரு பெரியவர் இல்லாத வீடே இருக்காது போல.

ஈறு நிபுணர் கிளீனிங் பேச்சையே முதலில் எடுக்கவில்லை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, பல்லுக்கு ஆறு இடமாக ஆழம் பார்த்துச் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதினார். 2, 3, 2 என்று போய்க்கொண்டிருந்தது, கடைவாய்ப் பக்கம் 5, 6 என்று ஏறியது. 3 வரை பயமில்லை. அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பையாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதன் அடிவரை பிரஷ் எட்டாது. எக்ஸ்ரேயில் அதே இடங்களில் எலும்பும் இறங்கியிருந்தது. வெறும் ஈறு வீக்கம் என்றால் முழுக்கக் குணமாகும்; எலும்பு கரைந்தால் பெரும்பாலும் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்.

சர்க்கரை டெஸ்டும் எழுதிக் கொடுத்தார். சர்க்கரை கூடினால் ஈறு கெடுமாம், ஈறு கெட்டால் சர்க்கரையும் எளிதில் கட்டுக்குள் வராதாம். சிகரெட் உண்டா என்றும் கேட்டார். புகைப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாக இருப்பதால் நோய் வெளியே தெரியாதாம்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு நாள் வலது பக்கம், இன்னொரு நாள் இடது பக்கம் என்று பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த காரையை வேர்வரை சுரண்டி எடுத்தார்கள். வலியில்லை. ஆனால் அந்தச் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கிறது.

ஊசி மயக்கம் தெளிந்ததும்தான் வேடிக்கை. பல்லுக்குப் பல் இடைவெளி, தண்ணீர் பட்டால் கூச்சம், கீழ் முன்பற்களில் லேசான ஆட்டம். அத்தை வாக்கு பலித்துவிட்டதோ என்று டாக்டருக்கு போன் போட்டேன். ஆட்டம் முன்பே இருந்ததுதான், காரை சிமென்ட் பூசியதுபோல் பற்களைச் சேர்த்துப் பிடித்திருந்ததால் தெரியவில்லை என்றார். ஈறு இறுகியதும் ஆட்டம் குறைந்துவிட்டது. இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது.

கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷும் கொடுத்தார், இரண்டு வாரத்துக்குத்தான். அதற்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை படியுமாம். அந்த நாட்களில் அதனால் நாக்குக்கு உப்பே தெரியாமல் சாம்பாரில் நான் அள்ளிப் போட்டது தனிக்கதை. என்னைக் கேட்டால் பல்லிடுக்கு பிரஷ்தான் முக்கியம். இடைவெளிக்கு ஏற்ற சைஸை டாக்டரே பார்த்துச் சொன்னார். ராத்திரி தூக்கம் வரும் நேரத்தில் எரிச்சலான வேலைதான், ஆனால் ரத்தம் நின்றது அதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்ததில் 5 எல்லாம் 3-க்கு வந்திருந்தது. ஒரு கடைவாய்ப் பல் மட்டும் 6-லேயே நிற்கிறது. அடுத்த முறையும் இறங்கவில்லை என்றால் ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டிவரும் என்று சொல்லியிருக்கிறார்.