டொராண்டோ நிலம் கைமாறிய வரலாறு: வகுப்பில் நடத்த

கனடாவில் பூர்வகுடிகள் பாடம் என்றாலே பல வகுப்புகளில் காகித இறகு ஒட்டுவதில் போய் முடிகிறது. டொராண்டோ பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் காலடி மண்ணிலேயே இருக்கிறது.

1787-இல் ஆங்கிலேயர், இங்கு வாழ்ந்த பூர்வகுடிகளான மிசிசாகா மக்களுக்குத் துப்பாக்கிக் கற்கள், பித்தளைக் கெண்டிகள், முகம் பார்க்கும் கண்ணாடிகள், ரம் கொடுத்து இந்த நிலத்துக்கு உடன்பாடு செய்தனர். பிறகு பார்த்தால் பத்திரம் வெற்றுத்தாள்! 1805-இல் 10 ஷில்லிங் தந்து 2,50,830 ஏக்கருக்கு எல்லை எழுதினர். 2010-இல் கனடா அரசு, பக்கத்து பிராண்ட் நிலப்பகுதிக்கும் சேர்த்து, 14.5 கோடி டாலர் இழப்பீடு தந்தது.

இரண்டு பாடவேளை போதும். முதலில் இன்றைய வரைபடத்தின் மேல் ஒளிபுகும் தாளை வைத்து 1805 எல்லையை வரையச் சொல்லுங்கள். மேற்கு எல்லையான எட்டோபிகோ ஓடையிலிருந்து தொடங்கலாம். தன் பள்ளி கோட்டுக்குள் விழுவதைப் பார்த்ததும் கேள்விகள் தானாக வரும். அடுத்த வகுப்பில் பத்திரத்தை யார் எழுதினார்கள், எந்த மொழியில், யாரால் வாசிக்க முடிந்தது என்று கேளுங்கள். கையெழுத்திடுவதை நாடகமாக்க வேண்டாம், அது கேலியாகிவிடும்.

அடிக்கடி நேரும் பிழை, எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் சொல்வது. மிசிசாகா மக்கள் இன்றும் ஒன்ராறியோ மாகாணத்தின் ஹேகர்ஸ்வில் ஊர் அருகே வாழ்கிறார்கள். அங்கிருந்து பெரியவர் ஒருவரை அழைத்தால் மதிப்பூதியத்தை முன்பே ஒதுக்குங்கள். புகையிலை கொடுத்து அழைப்பது பல சமூகங்களில் வழக்கம், வடதுருவப் பகுதியின் இன்யூட் மக்களிடம் இல்லை, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.