மூன்றரை ஜிபிஏவும் பாதிச் சுற்றுகளும்

அமெரிக்கக் கல்லூரி கோல்ஃப் வீராங்கனைகளில் படிப்பிலும் முன்னிற்பவர்களை, மகளிர் கோல்ஃப் பயிற்சியாளர் சங்கமான டபிள்யூஜிசிஏ ஆண்டுதோறும் ‘ஆல்-அமெரிக்கன் ஸ்காலர்’ என்று கௌரவிக்கிறது. மொத்த ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 3.50க்குக் குறையக் கூடாது. அந்த ஆண்டு அணி ஆடும் போட்டிச் சுற்றுகளில் பாதியிலாவது ஆடியிருக்க வேண்டும். பரிந்துரைக்கான தாள்களைத் திரட்டும் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்: மார்க் இருந்தும் பலர் கோட்டை விடுவது இரண்டாவது நிபந்தனையில்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சீசனில் பத்துப் போட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று சுற்று என்றால் மொத்தம் முப்பது. பதினைந்து வேண்டும், அதாவது ஐந்து முழுப் போட்டிகள். ஆனால் பயணம் போகும் அணியில் ஐந்து இடம்தான். இலையுதிர் பருவத்தின் நான்கு போட்டிகளையும் தேர்வுக்காக விட்டவர், வசந்தத்தின் ஆறில் ஐந்தை ஆடியே தீர வேண்டும். சிலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நான்கு பேரின் ஸ்கோர்தான் அணிக்குச் சேரும்; ஐந்தாவது ஸ்கோர் தள்ளுபடி ஆனாலும் அவர் ஆடிய சுற்று ஆடியதுதான். செப்டம்பரிலேயே ஆளுக்கொரு வரி போட்டு எண்ணத் தொடங்குங்கள். மே மாதம் உட்கார்ந்து எண்ணினால் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

ஜிபிஏவில் ஏமாற்றுவது கிரெடிட்டின் எடை. கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் அளவு; அதை மதிப்பெண்ணால் பெருக்கினால் புள்ளி. 60 கிரெடிட் முடித்து 3.46இல் நிற்பவரிடம் 207.6 புள்ளி இருக்கும். இன்னும் 15 கிரெடிட் எடுத்து 3.50ஐத் தொட மொத்தம் 262.5 தேவை, அந்த செமஸ்டரில் மட்டும் 3.66 வாங்க வேண்டும். ஏ மைனஸுக்கு 3.7, பி பிளஸுக்கு 3.3 தரும் பல்கலைக்கழகத்தில், மூன்று கிரெடிட் பாடங்கள் ஐந்தில் நான்கு ஏ மைனஸ், ஒரு பி பிளஸ் வாங்கினால் 3.62தான். மொத்தம் 3.492இல் நின்றுவிடும். ஒரு ஏ மைனஸ் ஏ (4.0) ஆகியிருந்தால் தாண்டியிருக்கலாம். 3.492ஐ நாமாக 3.5 என்று எழுதிவிடக் கூடாது. டிரான்ஸ்கிரிப்டில் அச்சானதுதான் எண்.

வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்களிடம் தனியாகக் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் பழைய கிரெடிட்டை ஏற்கும், பழைய மதிப்பெண்ணை ஜிபிஏவில் சேர்க்காது. பயணத்தால் தள்ளிப்போன தேர்வுக்கு மதிப்பெண்ணுக்குப் பதில் ‘இன்கம்ப்ளீட்’ (முடிக்கவில்லை) என்று விழுந்திருந்தால், பேராசிரியர் அதை மாற்றும் வரை பதிவாளரிடமிருந்து இறுதி எண் வராது. மே மாதம் மண்டலப் போட்டிகளும் செமஸ்டர் முடிவும் ஒன்றாக வந்து நிற்கும்; பேராசிரியர் விடுமுறைக்குப் போகும் முன்பே பிடித்துவிடுவது நல்லது.

மதிப்பெண்ணை வெளியில் அனுப்ப மாணவியின் கையெழுத்திட்ட சம்மதத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே வாங்கி வையுங்கள். 1974இன் ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டம் கல்விப் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கிறது. கோடையில் ஊருக்குப் போனவரிடம் கையெழுத்துக்கு அலைவது தனித் தலைவலி.

கடைசியாக, பெயர். வெளிநாட்டு வீராங்கனைகளுக்கு அணிப் பட்டியலில் ஒரு எழுத்துக்கூட்டல், பதிவாளரிடம் வேறொன்று இருக்கும். சான்றிதழில் எது அச்சாக வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.