ஆகஸ்டா, அக்டோபரா?

ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கம் போகும் திட்டம் மூன்று வாரமாக ஒரே கேள்வியில் நிற்கிறது: எந்த மாதம்? விக்டோரியா அருவியில் ஏப்ரல் வாக்கில்தான் தண்ணீர் உச்சம். அப்போது போனால் தொப்பலாக நனையலாம், சாரலில் அருவிதான் சரியாகத் தெரியாது. அக்டோபர் என்றால் போட்ஸ்வானாவின் சோபே ஆற்றங்கரையில் யானைக் கூட்டம். ஆனால் அருவியின் ஜாம்பியா பக்கம் பெரும்பாலும் வெறும் பாறை. வெயிலும் வறுத்தெடுக்கும்.

இதில் ஒக்கவாங்கோ ஆறு தனி ரகம். அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் நடந்து வந்து, போட்ஸ்வானாவில் மழையே இல்லாத ஜூன், ஜூலையில் வெள்ளமாகப் பரவுகிறது. கடலுக்கே போகாமல் கலஹாரி மணலில் முடிந்துவிடுகிறது! இதற்காகவே அந்த வெள்ளப் பகுதியின் வாசலான மவுன் ஊருக்கு நான்கு நாள் ஒதுக்கிவிட்டேன். மோக்கோரோ என்ற ஒடிசலான படகில் போக வேண்டும். (எனக்கு நீச்சல் தெரியாது. அம்மா இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.)

சரி, வெள்ளம் வடிவதற்குள் ஆகஸ்டிலேயே போவது என்று முடிவு. அருவிக்குப் பக்கத்து ஜாம்பிய ஊரான லிவிங்ஸ்டன், 2021இல் திறந்த கசுங்குலா பாலம் வழியாகப் போட்ஸ்வானாவின் கசானே, அப்புறம் மவுன். நமீபியாவின் எட்டோஷா வனவிலங்குப் பூங்காவும் வேண்டும் என்கிறார் மனைவி. அடுத்த தடவை பார்க்கலாம் என்றேன். இன்று காலை எட்டோஷா வரைபடம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.