நவம்பரா, டிசம்பரா?

வடக்கு லண்டனில் ஒரு பள்ளியில் சில ஆண்டுகள் வரலாறு நடத்தினேன். நாஜிகள் செய்த யூத இனப்படுகொலை இங்கிலாந்தின் பாடத்திட்டத்தில் 1991 முதல் கட்டாயம். எங்கள் பள்ளியில் பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். பாடம் முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து முதியோர் இல்லத்துக்குப் போவேன். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி வந்த யூதப் பெரியவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். பிள்ளைகள் கேட்க, அவர்கள் சொல்ல, அதைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, சொன்னவரிடமே ஒரு பிரதி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கேள்வி தயாரிப்பதற்குள்ளேயே எனக்குத் தாவு தீர்ந்துவிடும். எல்லாப் பட்டியலிலும் முதலில் நிற்பது, "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" அதை அடித்துவிடுவேன். அந்தப் பெரியவர்கள் எத்தனையோ பள்ளிகளில் பேசியவர்கள். அதற்கான பதில் அவர்களிடம் கூழாங்கல் மாதிரி வழவழவென்று தயாராக இருக்கும். சாமானைப் பற்றிக் கேளுங்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள் என்பேன். பெட்டியில் துணியை மடித்து வைத்தது யார்? ரயிலடிக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை?

ஒரு வருடம் எங்களுக்கு வாய்த்தவர் வியன்னாவில் பிறந்த ஓர் அம்மையார். எண்பதைத் தாண்டியவர். மனதுக்குள் பாட்டி என்றுதான் சொல்லிக்கொண்டேன். லண்டனில் முன்பின் தெரியாதவரை வாய்விட்டு அப்படிக் கூப்பிட்டால் வம்பு. ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்ட கையோடு, 1938 மார்ச் 15 அன்று அதன் தலைநகர் வியன்னாவின் ஹெல்டன்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஹிட்லர் பேசியபோது பாட்டிக்கு ஒன்பது வயது.

"ஹிட்லரைப் பார்த்திருக்கீங்களா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். வருடா வருடம் யாராவது கேட்பார்கள். நான் தடுப்பதற்குள் கேள்வி வெளியே வந்துவிடும்.

"பார்க்கலை. அந்தக் கூட்டத்தோட சத்தம் கேட்டுது. அம்மா ஜன்னலைச் சாத்தின பிறகும் கேட்டுது."

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை அடிப்பதை விட்டுவிட்டேன்.

பாட்டி வந்தது கிண்டர்டிரான்ஸ்போர்ட் ரயிலில். 1938 டிசம்பர் தொடங்கி, அடுத்த செப்டம்பரில் போர் மூளும்வரை, நாஜிகளின் பிடியிலிருந்த நாடுகளிலிருந்து ஏறத்தாழ 10,000 பிள்ளைகளை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. பெரும்பாலானவர்கள் யூதக் குழந்தைகள். கையில் ஒரு சின்னப் பெட்டி, கழுத்தில் எண் எழுதிய அட்டை, பத்து மார்க் பணம். நகைநட்டு கூடாது. ரயிலில் ஹாலந்து, அங்கிருந்து கப்பலில் ஹார்விச் துறைமுகம். வீடு அமையாத பிள்ளைகளை அருகில் டோவர்கோர்ட்டில் ஒரு கோடைக்கால முகாமில் வைத்தார்கள். கோடைக்குக் கட்டிய குடில்களில் டிசம்பர் குளிர். பெற்றோருக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. பிரிட்டனின் தாராள மனதுக்கு எடுத்துக்காட்டாக இங்கே இதைச் சொல்வது வழக்கம். நானும் அப்படித்தான் நடத்தி வந்தேன். "அப்போ அம்மா அப்பாவை ஏன் விடலை?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்ட பிறகு அந்தப் பாடத்தைத் திருத்தி எழுதினேன்.

அதே பையன்தான் அன்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். பாட்டி பேச்சோடு பேச்சாக, "நவம்பர்ல ரயில் ஏறினேன்" என்றார். பையன் தலையைத் தூக்கினான். வியன்னாவிலிருந்து முதல் ரயில் 600 பிள்ளைகளோடு புறப்பட்டது டிசம்பர் 10 அன்று. அவன் படித்துவிட்டு வந்திருந்தான். வேண்டாம் என்று ஜாடை காட்டினேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நவம்பர்ல ரயிலே கிடையாதே."

எனக்கு வியர்த்துவிட்டது. பாட்டி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படியா? அப்பாவைப் பிடிச்சிட்டுப் போனது நவம்பர் பத்து. அதுக்கப்புறம் எனக்கு எல்லாமே நவம்பர்தான்."

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிந்த நாட்கள் அவை. ஏறத்தாழ 30,000 யூத ஆண்களைப் பிடித்து டாஹாவ், புஹன்வால்ட், ஸாக்ஸன்ஹவுஸன் முகாம்களில் அடைத்தார்கள். பாட்டியின் அப்பாவை டாஹாவுக்குக் கொண்டுபோனார்கள். சில மாதங்களில் திரும்பிவிட்டார். ஆனால் நாட்டைவிட்டுப் போக விசா கிடைக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸின் மேல்தளத்தில் ஒரே சண்டை. டிசம்பர் என்று திருத்த வேண்டும் என்றது ஒரு கட்சி. அவர் வாயிலிருந்து வந்ததை மாற்ற நாம் யார் என்றது இன்னொரு கட்சி. "அப்போ பொய் சொல்றாங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் நடத்திய வகுப்புகளிலேயே உருப்படியானது அந்த அரைமணி நேரம்தான், அதில் நான் பேசியது கொஞ்சம். இனப்படுகொலையே நடக்கவில்லை என்று சாதிக்கிறவர்கள், இப்படி ஒரு மாதம் பிசகினால் போதும் என்றுதான் காத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அதனால் தேதி சரியாக இருந்தாக வேண்டும். ஆனால் நவம்பரை எடுத்துவிட்டால் அப்பாவும் சேர்ந்து போய்விடுகிறாரே என்றான் அந்தப் பையன். நவம்பர் அப்படியே இருக்கட்டும், டிசம்பர் அடிக்குறிப்பில் வரட்டும் என்று முடிவானது.

போர் தொடங்கியதும் கடிதப் போக்குவரத்து நின்றுபோய், செஞ்சிலுவைச் சங்கம் வழியாக 25 சொல் செய்தி மட்டும் அனுப்ப முடிந்தது. நீங்களும் வீட்டுக்கு 25 சொல்லில் எழுதிப் பாருங்கள் என்றேன் வகுப்பில். ஒருவன் ஆறு சொல்லைப் பூனைக்கே செலவழித்துவிட்டுத் திருதிருவென்று விழித்தான். பாட்டிக்கு வீட்டிலிருந்து வந்த செய்திகள் 1942-ல் நின்றன. அந்த வருடம்தான் வியன்னா யூதர்களை ஆயிரக்கணக்கில் இன்றைய பெலாரூஸில் மின்ஸ்க் அருகே மாலி ட்ராஸ்டினெட்ஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பாட்டியின் அம்மாவும் அப்பாவும் அங்கேதான் போனார்கள். ஆஷ்விட்ஸ் கொலைமுகாமைத் தெரிந்த என் பிள்ளைகள் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. வரலாற்று ஆசிரியையான எனக்கும் பாட்டி சொல்லித்தான் தெரியும்.

"என்னைத் தப்பிப் பிழைச்சவள்னு போடாதீங்க. முகாம்ல இருந்தவங்களுக்குத்தான் அந்தப் பேரு. நான் ரயில் ஏறினவள்" என்று கிளம்பும்போது சொன்னார். அதையும் எழுதினோம்.

கோடை விடுமுறைக்கு முன் அச்சடித்த பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தின் அடியில் கண்ணாடி நின்றது. திருத்தியதற்கு வருத்தப்படுவாரோ என்று ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன்.

"இதைப் போட்டது அந்தப் பையன்தானே?"

"ஆமாம்."

"எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்லுங்க."