புரசா, கல்யாண முருங்கையா?

மாசி, பங்குனியில் இலையுதிர்த்த கிளைகளில் செந்நிறப் பூக்கள் மண்டியிருந்தால் பலரும் உடனே புரச மரம் என்கிறார்கள். ஆனால் அதே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கல்யாண முருங்கையும் ஏறக்குறைய அப்பருவத்தில் இலையின்றிப் பூக்கிறது, இரண்டுக்குமே மூன்று சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை என்பதால் உதிர்ந்த இலையை மட்டும் கொண்டு முடிவுசெய்வதை நான் நம்புவதில்லை.

முதலில் பூவின் அடியில் இதழ்களைத் தாங்கும் வெளியுறையான புல்லிவட்டத்தைப் பார்ப்பேன். புரசில் அது கரும்பழுப்பாக, வெல்வெட்டு மயிர் போர்த்தியிருக்கும். கல்யாண முருங்கையில் ஒருபக்கம் அடிவரை பிளந்து விரியும். புரசின் ஆரஞ்சுப் பூவில் படகல்லி, அதாவது படகுபோல் இணைந்த கீழிதழ்கள், கிளியின் அலகைப்போல் வளைந்திருப்பதும் நல்ல அடையாளம். இளங்கிளைகளில் கூம்பு முட்கள் தென்பட்டால் அது புரசு அன்று. பூக்காலம் கடந்துவிட்டாலும் காய் உதவும்: புரசின் தட்டையான காயில் நுனியில் ஒரே விதை, மற்றதன் இடையிடையே இறுகிய நெற்றில் பல விதைகள்.