தீசிஸுக்கு மலைக்கிராம மருத்துவமனை எடுப்பவர்களுக்கு

ஐந்தாம் ஆண்டு பி.ஆர்க். (கட்டடக்கலை) தீசிஸுக்குப் 'பசுமை மருத்துவமனை' எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். பெங்களூரில் படித்தபோது நான் எடுத்ததும் அதுதான். சைட், மாதேஸ்வரன் மலைப் பக்கம் ஒரு கிராமம். முதல் ரிவ்யூவுக்குக் கூரைமேல் புல், சுவரில் கொடி, வெயில் படும் இடமெல்லாம் சோலார் பேனல் என்று ஆறு ஷீட் மாட்டினேன். ஜூரியில் இருந்த மேடம் கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் பிரசவ அறையில் எதெல்லாம் ஓடும்?" முழித்தேன். அதோடு ரிவ்யூ முடிந்தது.

100 படுக்கை வேறு போட்டிருந்தேன். கட்டடம் பெரிதாக இருந்தால் மார்க் விழும் என்ற நினைப்புதான். ஐ.பி.எச்.எஸ். என்கிற பொதுச் சுகாதாரத் தர நெறிகளை அப்புறம்தான் திறந்து பார்த்தேன். மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 80,000 பேருக்கு 30 படுக்கையுள்ள சமுதாய சுகாதார நிலையம். 30க்கு இறங்கினேன்.

சைட்டுக்குப் போனால் நிலத்தை அளந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடாதீர்கள். பக்கத்து சுகாதார நிலையத்தில் ஓர் இரவு உட்கார அனுமதி கேளுங்கள். நான் உட்கார்ந்த இடத்தில் கூரையில் பேனல் இருந்தது, பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. அங்கிருந்த நர்ஸ் அக்கா, சேலத்துக்காரர், "வெயில் இருக்கறப்பவா தம்பி புள்ள பொறக்குது?" என்று சிரித்தார். ஒவ்வொரு கருவியின் பின்னாலும் ஒட்டியிருந்த வாட் எண்ணை அன்றைக்கே எழுதிக்கொண்டேன். பேபி வார்மர் 600, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 350, விளக்குகள், தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டி. கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ்தான் பெரிய தீனிக்காரன், ஆனால் அதைப் பகலில் ஓட்டிக்கொள்ளலாம். இரவில் நிற்கவே கூடாதவற்றுக்குத் தனி வயரிங், தனி பேட்டரி. ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். பேட்டரி மாற்றும் செலவையும் பட்ஜெட் ஷீட்டில் எழுதுங்கள், என் வகுப்பில் வேறு யாரும் எழுதவில்லை.

தண்ணீரில்தான் மானம் போயிருக்கும். 'தண்ணீரில் தன்னிறைவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 1,000 சதுர மீட்டர் கூரை, ஆண்டு மழை 750 மி.மீ., இருபது சதவீதம் வீண் போனால் கையில் 6 லட்சம் லிட்டர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 படுக்கைக்கு உட்பட்ட மருத்துவமனையில் படுக்கைக்கு நாளொன்றுக்கு 340 லிட்டர் என்கிறது தேசிய கட்டட விதித்தொகுப்பு. 30 படுக்கைக்கு 10,200 லிட்டர். வருடம் முழுக்கப் பெய்த மழை இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும்! 'தன்னிறைவை' அழித்துவிட்டு, ஆழ்துளைக் கிணற்றின் சுமையை எவ்வளவு குறைக்கிறேன் என்று மட்டும் எழுதினேன்.

காற்றோட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியைப் பாருங்கள். இயற்கைக் காற்றோட்டமுள்ள பொது வார்டில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் காற்று வேண்டும் என்கிறது. அதை நம்பிப் பெரிய ஜன்னல்கள் வரைந்து வைத்திருந்தேன். ஆனால் அந்த மலையில் பொழுது சாய்ந்ததும் குளிருக்கும் கொசுவுக்கும் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறார்கள். அதனால் ஓட்டுக்குக் கீழே, கை எட்டாத உயரத்தில், வலை அடித்த திறப்புகள் வைத்தேன். வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும், அதற்காகத் திறப்பைப் பெரிதாக்கினேன்.

முன்மாதிரி தேடுபவர்கள் மூன்றைப் பாருங்கள். ருவாண்டாவின் புட்டாரோவில் கட்டில்களை வார்டின் நடுவில் ஜன்னலைப் பார்க்கப் போட்டிருக்கிறார்கள். வங்கதேசத்தின் சாத்கீரா மருத்துவமனை வளாகத்தின் குறுக்கே மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. எனக்கு அதிகம் உதவியது மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியின் 'சர்ச்' (SEARCH) அமைப்பு. பெரிய கட்டடம் என்றால் பயமாக இருக்கிறது என்று பழங்குடி மக்கள் சொன்னதைக் கேட்டு, உறவினர் கூடவே தங்கும்படி குடிசை வடிவில் மருத்துவமனை கட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் துணைக்கு வருபவர்கள் சமைக்க ஒரு திண்ணையும் அடுப்பும் என் பிளானில் வந்தன. செலவு மிகக் குறைவு, இறுதி ஜூரியில் அதிக நேரம் பேசப்பட்டது அதுதான்.

வைவாவில் கடைசிக் கேள்வி: "நஞ்சுக்கொடி எங்கே போகும்?" 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி 75 கி.மீ.க்குள் பொதுச் சுத்திகரிப்பு மையம் இருந்தால் அங்கேதான் அனுப்ப வேண்டும். அப்படி எந்த மையத்துக்கும் வழியில்லாத தொலைதூர ஊருக்கு மட்டும், அனுமதியுடன், புதைக்கச் சுமார் 2 மீட்டர் ஆழக் குழி, மேலே கம்பிவலை மூடி. செக்‌ஷனை (குறுக்குவெட்டுப் படத்தை) வரைந்தே வைத்திருந்தேன். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அதைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "நாய் வராதா?" என்றார். வேலியைக் காட்டினேன்.