கம்பிவலைக்கு அந்தப் பக்கம்

இன்று காலை கூட்டைத் திறந்தால் கருப்புக் கோழி மூலையில் ஒடுங்கி நிற்கிறது. பின்கழுத்தில் ஓர் இறகுகூட இல்லை. தோல் சிவந்து, தொட்டால் சுடுகிறது.

வாலில் சுருட்டை இறகோடு திரிகிற ஆண் வாத்துகளின் வேலை.

மூன்றே பெட்டை வாத்துக்கு இரண்டு ஆணை விட்டது என் தப்பு. ஓர் ஆணுக்கு நாலைந்து பெட்டையாவது வேண்டும். இல்லையென்றால் இணைசேரக் கோழிமேல் பாயும்.

சேவலுக்கு இல்லாத ஆணுறுப்பு ஆண் வாத்துக்கு உண்டு. கோழியின் உடம்பு அதைத் தாங்காது. உள்ளே கிழிந்து செத்தே போகலாம்.

பினாங்கில் உள்ள பாலிக் புலாவுக்குப் போய்க் கம்பிவலை வாங்கி வந்து குறுக்கே கட்டிவிட்டேன்.

வாத்தையும் கோழியையும் பாட்டி ஒன்றாக அடைக்கவே விடமாட்டார். ஏன் என்று அன்று கேட்டிருக்கலாம்.

அம்மா மஞ்சள் தடவினார். இப்போதுதான் கொஞ்சம் அரிசி கொத்துகிறது.